வியாசர்பாடி வாசலில் கேட்ட கேள்விகள்: பையன்கள், போதை, அடிதடி, கேஸ்

வடசென்னை வியாசர்பாடியில் ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தில் 12 வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில் வாசலில் யாராவது ஒரு அம்மா நிற்பார். "கணக்குல எப்படி இருக்கான் சார்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இரண்டு நிமிடத்தில் குரல் தாழும். அப்புறம் வருவதுதான் உண்மையான கேள்வி.

ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதிவைத்தேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அவர்களிடம் எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

பையன் எதையோ எடுக்கிறானோன்னு சந்தேகமா இருக்கு சார். எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?

கண் சிவப்பு, வாயில் வாடை, பீரோவில் காசு குறைவது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ராத்திரி முழுக்க போன் பார்த்தாலும் கண் சிவக்கும். தனியாக ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளாமல், ஆள் மாறியிருக்கிறானா என்று பாருங்கள். சின்ன வயதிலிருந்து கூடத் திரிந்த பையன்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டதா? மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறானா? துணி துவைக்கும்போது பஞ்சர் சொல்யூஷன் வாடை அடிக்கிறதா? நீங்கள் வாங்கித் தராத ஷூ காலில் இருக்கிறதா?

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது பள்ளி வருகைப் பதிவேட்டை. பையனின் சட்டைப் பையைத் துழாவும் முன் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டிலிருந்து பையோடு கிளம்பி, பள்ளிக்குப் போய்ச் சேராத நாள் மாதத்தில் எத்தனை என்று கேளுங்கள். போலீஸ் வீட்டுக்கு வருகிற நாளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்னாலேயே அந்தப் பதிவேட்டில் தெரிய ஆரம்பித்திருக்கும். நான் பார்த்தவரை இது தப்பியது அபூர்வம்.

பசங்க கைக்கு என்னென்ன கிடைக்குது? கஞ்சா மட்டும்தானா?

கஞ்சா பெரும்பாலும் முதல் படி இல்லை. ஏழாவது, எட்டாவது படிக்கும் பையன்களிடம் நான் முதலில் பார்ப்பது கூல் லிப், ஹான்ஸ் மாதிரி புகையிலைதான். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பான், வெளியே தெரியாது. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013-இலிருந்து தடையும் இருக்கிறது. கிடைக்கிறது என்பதும் உண்மை.

அப்புறம் சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. மது, கஞ்சா எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் அதிகம். முகர்ந்து போதை ஏற்றும் பொருளில் மட்டும் கணக்கு தலைகீழ்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம். விலை குறைவு, ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கும். அதுதான் காரணம்.

நான் ரொம்பப் பயப்படுவது மாத்திரைக்கு. கடுமையான வலிக்கு டாக்டர் சீட்டின் பேரில் மட்டும் தர வேண்டிய டேபென்டடாலைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அளவு கூடினால் மூச்சு அடங்கிவிடும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி. முழுக்கைச் சட்டையைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான். எழுப்பினாலும் எழாமல் மூச்சு மெதுவாகிக் கிடந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பையன் கெட்டுப் போவான்னு முன்னாடியே சொல்ல முடியுமா?

முடியாது. சொல்ல முடியும் என்கிறவரை நம்பாதீர்கள். எந்தப் பையனுக்கு வழுக்கும் இடங்கள் அதிகம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற வீடு, அண்ணனோ மாமாவோ ஏற்கெனவே கேஸில் இருக்கிற வீடு, கூவம் ஓரத்திலிருந்து தூக்கிக் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ குடிவைத்ததில் பள்ளியும் கூட்டாளிகளும் ஒரே நாளில் அறுந்து போன வீடு. இந்த மூன்றும் இருந்தும் நன்றாக வந்த பையன்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

வழுக்குவது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில். எட்டு வரை ஃபெயில் கிடையாது. ஒன்பதில் திடீரென்று எதுவும் புரியாது, புரியவில்லை என்று சொல்லவும் வெட்கம். வகுப்பில் முட்டாள் என்று பெயர் வாங்குகிறவனுக்கு, தெருமுனையில் நிற்கும் அண்ணன் வேறு பெயர் வைக்கிறார். "நம்ம பையன்" என்று தோளில் கை போடுகிறார். பிரியாணி வாங்கித் தருகிறார். அப்புறம் ஒரு நாள், "இந்தப் பையை அங்க குடுத்துட்டு வந்துடு." அந்த அண்ணன் தருகிற எதையும் நாம் தரவில்லை என்பதுதான் கசப்பான விஷயம்.

அடிச்சா திருந்துவான்ல? நாங்கல்லாம் அடி வாங்கித்தான வளர்ந்தோம்.

வளர்ந்தீர்கள், சரி. ஆனால் அன்றைக்கு வீட்டை விட்டு ஓடினால் போக இடமில்லை. இன்றைக்கு மேலே சொன்ன அண்ணன் இருக்கிறார். அடி வாங்கிய ராத்திரி பையன் எங்கே போய்ப் படுத்தான் என்று விசாரித்துப் பாருங்கள்.

அடிக்காமல் என்ன செய்வது? போதை தெளிந்த பிறகு, காலையில், சாப்பிட்ட பிறகு பேசுங்கள். "நீ இப்படிப் பண்றியா?" என்று கேட்டால் "இல்ல" என்பான், அதோடு பேச்சு முடிந்தது. "போன வாரம் நாலு நாள் ஸ்கூல் போகலைன்னு மிஸ் சொன்னாங்க. எங்க இருந்த?" என்று தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் சோறு போட்டாள் என்பது அவன் மண்டைக்குள் போக வேண்டும்.

ஒரு தடவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் மிரட்டி வச்சா பயந்துடுவான்ல?

இதையே அமெரிக்காவில் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறைக்குள் பையன்களைக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு முகத்துக்கு நேரே கத்தி மிரட்ட வைத்தார்கள். பல மாநிலங்கள் அதைக் காப்பியடித்தன. பிறகு போகாத பையன்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, போய் வந்தவர்கள்தான் அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். மிரட்டல் பலிக்கவில்லை என்பது மட்டுமில்லை, திருப்பி அடித்திருக்கிறது.

நம் தெருவில் யோசித்தால் ஆச்சரியம் இல்லை. ஸ்டேஷன் போய் வந்தவனுக்கு அடுத்த நாள் கூட்டத்தில் மரியாதை ஏறுகிறது. அதே போலீஸ் சிறுவர் மன்றத்தில் கேரம் போர்டு போட்டு, ட்யூஷன் வைத்துப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கதை வேறு. காக்கிச் சட்டை ஒன்றுதான். அது எதற்காகப் பையனைக் கூப்பிடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கெட்ட பசங்களை எல்லாம் ஒண்ணா உக்கார வச்சு கவுன்சலிங் குடுக்கலாமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வருடமே "பிரச்சினைப் பையன்கள்" எட்டுப் பேருக்குத் தனி வகுப்பு வைத்தேன். மூன்று மாதத்தில் எட்டுப் பேரும் ஒரே கேங். ஒருவரை ஒருவர் தெரியாமல் இருந்தவர்களை நானே அறிமுகம் செய்துவைத்திருக்கிறேன்.

பிற்பாடுதான் படித்தேன், இது பழைய பாடம். மசாசூசெட்ஸில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வில் பையன்களுக்கு ஆலோசகர், ட்யூஷன், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். பல பத்தாண்டு கழித்துத் தேடிப் பார்த்தால், உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மேலாக இல்லை. திரும்பத் திரும்ப முகாமுக்குப் போனவர்கள் நிலைமைதான் மோசம். கெட்டிக்காரத்தனமாகச் செய்த தப்பைச் சொன்னால் சிரிக்க இன்னும் நாலு பேர் கிடைக்கிறார்கள், அவ்வளவுதான். கவுன்சலிங் தனியாகக் கொடுங்கள். கூட்டம் சேர்த்தால் ஒழுங்காக இருக்கும் பத்துப் பேருக்கு நடுவில் ஒருவனாகச் சேருங்கள்.

ஃபுட்பால், பாக்ஸிங்னு சேத்து விட்டா போதுமா?

பாதிக் கிணறு தாண்டியது மாதிரி. வடசென்னைக்கு ஃபுட்பாலும் கேரமும் பாக்ஸிங்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஊர் பெயரைச் சொன்னாலே வேலை தர யோசித்தவர்கள் அன்றைக்கு அந்தப் பெயரைக் கைதட்டிச் சொன்னார்கள். ஆனால் எல்லாப் பிள்ளையும் தங்கம் வாங்காது. பையனை மைதானத்தில் நிறுத்துவது மெடல் இல்லை. "நேத்து ஏன் வரல?" என்று கேட்கிற கோச்தான். அப்படிக் கேட்கிற ஆள் இல்லாத மைதானமே ராத்திரியில் பாட்டில் உடைகிற இடமாகவும் ஆகிறது.

ஐஸ்லாந்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒரு தடவையாவது குடித்து போதை ஏறியவர்கள். 2016-இல் அது 5 சதவீதம். பிரசங்கம் செய்து குறைக்கவில்லை. விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு நகராட்சியே பணம் கொடுத்தது. ராத்திரி இத்தனை மணிக்கு மேல் தெருவில் நிற்கக் கூடாது என்றார்கள். பெற்றோர் கூடிப் பேசி ஒரே விதியை எல்லா வீட்டிலும் வைத்தார்கள். சின்ன நாடு, பணக்கார நாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை பையன் எங்கே என்ற கேள்விக்கு நம் தெருவிலும் பத்து வீடு சேர்ந்து பதில் வைத்துக்கொள்ளலாம்.

இவன் போதை எதுவும் எடுக்கிறதில்ல சார். ஆனா ரூட்டு தல, பட்டாக்கத்தி, ரீல்ஸுன்னு திரியுறான்.

போதையும் வன்முறையும் ஒன்றாகத்தான் வரும் என்று இல்லை. ரூட்டு தல சண்டையில் அடிபடுகிறவர்கள் பலர் பீடி கூடப் பிடிக்காதவர்கள். ஒரு பஸ் ரூட்டில் போகும் கல்லூரிப் பையன்களின் தலைவன்தான் ரூட்டு தல; எந்தப் பஸ்ஸில் யார் கெத்து என்பதுதான் சண்டை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வேறு கல்லூரிப் பையன்கள் அடித்ததில் ஒரு மாணவர் இறந்தே போனார். தெற்கே இதே கெத்து சாதிக் கயிறாகக் கையில் ஏறுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியதும் கூடப் படித்த பையன்கள்தான். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கைக்கயிறு உட்பட சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது.

உங்கள் பையன் விஷயத்தில் முதல் வேலை கத்தியை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது. "சும்மா ரீல்ஸுக்கு" என்பான். ரீல்ஸுக்கு எடுத்த கத்தி சண்டையன்றும் பையில்தான் இருக்கும். இரண்டாவது, அவனும் எதிர்க்கோஷ்டிப் பையனும் மதிக்கிற யாராவது ஒரு பெரியவரைக் கண்டுபிடிப்பது. பழிவாங்கல் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் நடக்கும். அந்த நாட்களுக்கு அவனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைப்பது கோழைத்தனம் இல்லை.

போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. இப்ப என்ன செய்யணும்?

முதலில் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ கையில் எடுங்கள். 17 வயதுப் பையனுக்கு 19 என்று எழுதிவிட்டால் அவன் போகிற பாதையே வேறு. 18 ஆகவில்லை என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015 பொருந்தும். லாக்-அப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் அவனிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது, பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமம் என்றால் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூக சேவகர்கள், அதில் ஒருவராவது பெண். சிறு குற்றங்களுக்குப் பெரியவர்கள் யாரும் சேர்ந்திருக்காவிட்டால் எஃப்ஐஆரே தேவையில்லை, பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும்.

ஜாமீன்தான் விதி, மறுப்பது விதிவிலக்கு. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து என்கிற மாதிரி காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அப்போது ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள். கெல்லீஸில் இருப்பது மாதிரி அரசினர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்புவார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100-ஐ அழையுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஆள் தரும். ஸ்டேஷன் வாசலில் "நான் பேசி முடிச்சுத் தரேன்" என்று வருகிற புரோக்கரிடம் தாலியை அடகு வைத்துக் காசு கொடுக்காதீர்கள். நான் பார்த்த வீடுகளில் அந்தப் பணம் திரும்பி வந்ததே இல்லை.

16 வயசுக்கு மேலன்னா பெரியவங்க மாதிரி விசாரிப்பாங்களாமே?

எல்லாக் குற்றத்துக்கும் இல்லை. குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடம் என்று உள்ள கொடுங்குற்றங்களுக்கு மட்டும். அதற்கும் குழுமம் முதலில் பையனின் மனநிலை, புரிதல், சூழ்நிலையை மதிப்பீடு செய்ய வேண்டும். கொலை இதில் வரும். கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால் அது வராது. பையன்களுக்குத் தெரியாத இரண்டைச் சொல்கிறேன். பயங்கர ஆயுதத்தோடு வழிப்பறி என்ற பிரிவு போட்டால், அதாவது கத்தியைக் காட்டி செல்போன் பறித்தால், அதுவும் 7 வருடத்தில் வரும். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தபட்சம் 10 வருடம். "இந்தப் பையை அங்க குடுத்துடு" என்கிற அண்ணன் பையில் எத்தனை கிலோ என்று சொல்லப்போவதில்லை.

கேஸ் ஆயிட்டா அரசு வேலையே கிடைக்காதுல்ல?

இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சிறார் வழக்கில் வந்த தீர்ப்பை வைத்து எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. உரிய காலத்துக்குப் பின் பதிவுகளை அழிக்கவும் சொல்கிறது. முந்தைய பதிலில் சொன்ன மாதிரி பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவருக்கு இது பொருந்தாது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வேலை ஒன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றமே சிறார் காலத்து வழக்கைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. போலீஸ் சரிபார்ப்பில் இன்னும் இழுத்தடிப்பார்கள், அது வேறு. குழுமத்தின் இறுதி உத்தரவு நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

17 வயசுப் பையன், 16 வயசுப் பொண்ணு. லவ்தான் சார். அதுக்கும் கேஸா?

ஆமாம். போக்சோ சட்டம் 2012-இல் 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே இல்லை. பெண் வீட்டார் புகார் கொடுத்தால் பையன் குழுமத்தின் முன் நிற்பான். ஆண் பிள்ளை பெற்றவர்கள் இதை வெட்கப்படாமல் வீட்டில் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸுக்குத் தகவல் போயிடுமா?

சிகிச்சை கேட்டு வந்தவரை டாக்டர் போலீஸில் பிடித்துக் கொடுப்பதில்லை. போதைப்பொருள் சட்டமே, உட்கொண்டதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம். அடையாறில் டிடிகே மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அழையுங்கள். குழந்தை என்றால் 1098.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வேனில் வந்து தூக்கிப்போகிறோம், மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது என்றால் அங்கே விடாதீர்கள். அடி பற்றி மேலே சொன்னது அங்கேயும் பொருந்தும்.

ரெண்டு மாசம் நல்லா இருந்தான். மறுபடியும் ஆரம்பிச்சிட்டான். அவ்ளோதானா?

இல்லை. சர்க்கரை ஏறியவருக்கு மறுபடி மாத்திரை கூட்டுகிற மாதிரி, மறுபடி டாக்டரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவையிலேயே நின்றவர்கள் குறைவு. ஒன்று மட்டும் கவனம்: இடைவெளி விட்டு பழைய அளவையே ஊசியில் ஏற்றினால் உடம்பு தாங்காது. வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிய பையன் என்றால் இதை அவனிடமே சொல்லுங்கள்.

மருந்து வேலை செய்தது, திரும்பி வந்த தெரு அதே தெரு என்பதுதான் பல வீடுகளில் நடப்பது. ஐடிஐயோ, மெக்கானிக் கடையோ, பத்தாவது தனித்தேர்வோ, காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே அதைப் பேசி வையுங்கள்.

விக்கிறவன் யாருன்னு எங்க தெருவுக்கே தெரியும். சொன்னா எங்க உயிருக்கு யாரு பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் கொடுத்தாலும், பிள்ளைகளை வைத்து விற்றாலும் 7 வருடம் வரை தண்டனை உண்டு. பெயர் சொல்லாமல் 10581-இல் தகவல் தரலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் தனி ஆளாக ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் கொடுங்கள் என்று ஒரு விதவைத் தாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் சந்தில் பெண்கள் வேறு மாதிரி செய்தார்கள். யார் பெயரையும் எழுதவில்லை. பாழடைந்த கொட்டகையை இடிக்க வேண்டும், சந்துக்கு விளக்குப் போட வேண்டும் என்று மட்டும் மாநகராட்சிக்கு ஒரு மனு. பதினொரு பேர் கையெழுத்து, முதல் கையெழுத்து யாருடையது என்று தெரியாதபடி வட்டமாகப் போட்டார்கள். விளக்கு வர நாலு மாதம், கொட்டகை போக இன்னும் இரண்டு மாதம். விற்றவன் பிடிபடவில்லை, இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டான். ஏழாவது படிக்கும் பையன்கள் இப்போது படிப்பு மையத்துக்கு அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறார்கள்.